அடி வாங்கி வளர்ந்தவர்கள்

*பசியும் தெருவும் சாம்பியன்களை உருவாக்கும் என்று சொல்லிச் சொல்லியே சண்டைப் போட்டிகளுக்கு டிக்கெட் விற்கிறார்கள். அந்தக் குழந்தைப் பருவத்துக்கு வீரர்கள் கொடுக்கும் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை.*

2023 அக்டோபர் 28. சவுதி அரேபியாவின் ரியாத் நகரில் பத்து ரவுண்டு குத்துச்சண்டை. மூன்றாவது ரவுண்டில் டைசன் ஃபியூரி நெருங்கி வர, எதிரே நின்றவரின் இடது ஹூக் அவர் தலையின் பக்கவாட்டில் இறங்கியது. ஆறடி ஒன்பது அங்குல மனிதர், அதுவரை தோல்வியே அறியாத, டபிள்யூ.பி.சி. என்ற குத்துச்சண்டை அமைப்பின் ஹெவிவெயிட் சாம்பியன், தரையில் விழுந்தார். விழ வைத்தவர் ஓரமாகப் போய் ஒரு சின்ன ஆட்டம் போட்டார்.

அவர் பெயர் பிரான்சிஸ் என்கானு. கேமரூன்காரர். கலப்புத் தற்காப்புக் கலையான எம்.எம்.ஏ.வில் சாம்பியனாக இருந்தவர்தான். ஆனால் தொழில்முறை குத்துச்சண்டையில் அவருக்கு அதுதான் முதல் போட்டி. ஃபியூரி எழுந்து பத்து ரவுண்டையும் முடித்தார். மூன்று நடுவர்களில் இருவர் ஃபியூரிக்கும் ஒருவர் என்கானுவுக்கும் தீர்ப்பு எழுதினார்கள். ஜெயித்தது ஃபியூரி, மறுநாள் ஊரெல்லாம் பேசியது என்கானுவைப் பற்றி.

அந்தப் போட்டியின் இரண்டு மூலைகளிலும் மூன்றாவது ஒரு மனிதர் இருந்தார். என்கானுவின் பயிற்சி முகாமில் உடனிருந்து சொல்லிக்கொடுத்தவர் மைக் டைசன். 1988-ல் குறைமாதத்தில் பிறந்து உயிருக்குப் போராடிய தன் மகனுக்கு ஃபியூரியின் அப்பா வைத்த பெயரும் அதே டைசனின் பெயர்தான்.

பத்து வயதில் மணல் வாரிய ஒரு பையன், என்கானு. பதின்மூன்று வயதுக்குள் 38 முறை போலீஸில் பிடிபட்டதாகச் சொல்லப்படும் இன்னொரு பையன், மைக் டைசன். இருவரையும் அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு விளம்பரப் படமும் அந்தச் சிறுவயதில்தான் தொடங்கும். ‘பட்ட கஷ்டம்தான் இவனைப் பாறையாக்கியது’ என்று கனத்த குரல் சொல்லும். ‘சார்பட்டா பரம்பரை’ பார்த்த நமக்கும் இந்த வகைக் கதை புதிதில்லை.

ஆனால் இந்த வீரர்களின் வாழ்க்கையை ரிங்குக்கு வெளியிலும் தொடர்ந்து பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது. சிறுவயதுக் கஷ்டம் இவர்களுக்குச் சில திறமைகளைக் கொடுத்தது உண்மை. அந்தத் திறமைகள் மணி அடித்ததும் கழற்றி வைக்கக் கூடியவை அல்ல. வீட்டுக்கும் கூடவே வருகின்றன. அதனால் அவர்களுக்கும் அவர்களைச் சுற்றி இருந்தவர்களுக்கும் என்ன நேர்ந்தது என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

மணல் குழியும் கடலும்

என்கானு 1986-ல் கேமரூனின் மேற்குப் பகுதியில் பாத்தியே என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, உறவினர் வீடுகளில் வளர்ந்தார். பள்ளிக்கூடச் செலவுக்கு வழியில்லை. பத்து வயது வாக்கில் மணல் குழியில் இறங்கி, மண்வெட்டியால் வாரி லாரியில் ஏற்றும் வேலைக்குப் போனார். அப்பாவுக்கு ஊரில் அடிதடிக்காரர் என்ற பெயர். அந்தப் பெயர் தனக்கு ஒட்டக் கூடாது என்று பையனாக இருந்தபோதே முடிவெடுத்ததைப் பேட்டிகளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். குத்துச்சண்டைப் பயிற்சியைத் தொடங்கியபோது வயது 22. இந்தத் தொழிலுக்கு அது மிகவும் தாமதம்.

2012-ல் ஊரைவிட்டுக் கிளம்பினார். நைஜர், சகாரா, அல்ஜீரியா, மொராக்கோ என்று நீண்டது பயணம். மொராக்கோவில் இரவில் சந்தைக் குப்பையில் கிளறிச் சாப்பாடு தேடியிருக்கிறார். ரப்பர் படகில் ஸ்பெயினுக்குப் போக முயன்று பிடிபட்டு, பாலைவனத்தில் கொண்டுபோய் விடப்பட்டு, மறுபடி வந்து மறுபடி முயன்றிருக்கிறார். 2013-ல் கரை சேர்ந்ததும் ஸ்பெயினில் ஏறக்குறைய இரண்டு மாதம் காவலில் இருந்தார். பிறகு பாரிஸ், கார் நிறுத்துமிடத்தில் தூக்கம். அங்கே ஃபெர்னாண்ட் லோபெஸ் என்ற பயிற்சியாளரின் ஜிம்மில் இடம் கிடைத்தது. குத்துச்சண்டை வீரனாக வேண்டும் என்று வந்தவர் எம்.எம்.ஏ. பக்கம் திரும்பினார். 2015 டிசம்பரில் அந்தத் துறையின் மிகப் பெரிய நிறுவனமான யு.எஃப்.சி.யில் இறங்கிவிட்டார்.

விளம்பரப் படத்தில் வராத ஒரு பகுதி இதற்குப் பிறகு வருகிறது. 2018 ஜனவரியில் சாம்பியன் ஸ்டைப் மியோசிச்சிடம் ஐந்து ரவுண்டும் ஆடித் தோற்றார். அடுத்து ஜூலையில் டெரிக் லூயிஸுடன் போட்டி. ரசிகர்கள் இடியை எதிர்பார்த்தார்கள். என்கானு அடிக்கவே இல்லை. பதினைந்து நிமிடமும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே கழிந்த போட்டி அது. முந்தைய தோல்வியின் பயத்தை அந்தப் போட்டிக்குள்ளும் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகப் பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

சகாராவைக் கடந்தவர் ஏன் பயந்தார்? கஷ்டப்பட்டவனுக்குப் பயமே இருக்காது என்று நம்புகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாதபோது இழப்பதற்கும் ஒன்றும் இல்லை. கையில் ஏதோ ஒன்று வந்த பிறகுதான் பழைய மணல் குழி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். வறுமை அவரை அடிதாங்கி ஆக்கியிருக்கலாம். பயத்தை எப்படிக் கையாள்வது என்பதை அவர் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் போட்டிக்குப் பிறகு பட்டத்தை எட்டக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2021 மார்ச் 27-ல் அதே மியோசிச்சை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டம் வாங்கினார்.

புறா, போலீஸ், கஸ்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிரவுன்ஸ்வில் என்று ஒரு பேட்டை. 1970-களில் பல கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் கிடந்த இடம். 1966-ல் பிறந்த மைக் டைசன் வளர்ந்தது அங்கே. அப்பா வீட்டில் இல்லை. தடித்த உடம்பு, மெல்லிய குரல், உதட்டில் தடுக்கும் பேச்சு. தெருப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், அடிப்பார்கள். மாடியில் புறா வளர்த்தான். ஒருநாள் பெரிய பையன் ஒருவன் அதில் ஒரு புறாவின் கழுத்தைத் திருகிக் கொன்றான். டைசன் முதன்முதலில் திருப்பி அடித்தது அன்றைக்குத்தான். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்து ஆர்ப்பரித்தார்களாம். தன்னை மதிக்க வைக்கும் வழி எது என்று அந்தச் சிறுவன் எடுத்துக்கொண்ட முதல் பாடம் அதுவாக இருந்திருக்கும்.

சீர்திருத்தப் பள்ளியில் முன்னாள் குத்துச்சண்டை வீரரான ஆலோசகர் பாபி ஸ்டூவர்ட் அவனைக் கண்டெடுத்தார். அங்கிருந்து கேட்ஸ்கில் என்ற சிற்றூரில் ஜிம் நடத்திய கஸ் டமாட்டோவிடம் அழைத்துப் போனார். கஸ்ஸுக்கு அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தது. அவரும் தெருவில் வளர்ந்தவர்; சிறுவயதுத் தெருச் சண்டையில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். பயத்தை நெருப்புக்கு ஒப்பிடுவது அவர் வழக்கம்: அடக்கி ஆண்டால் சமைத்துத் தரும், விட்டால் வீட்டையே எரித்துவிடும். பையனைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். டைசனுக்கு 16 வயதில் அம்மா இறந்தபோது சட்டப்படி அவனுக்குக் காப்பாளரும் ஆனார்.

1982-ல் ஜூனியர் ஒலிம்பிக் போட்டியில் எடுத்த ஒரு படக்காட்சி இருக்கிறது. ரிங்குக்குப் போவதற்கு முன் டைசன் பயிற்சியாளர் டெடி அட்லஸின் தோளில் சாய்ந்து அழுகிறான். தோற்றுவிட்டால் தன்னை யாருக்கும் பிடிக்காமல் போய்விடும் என்ற பயம். பின்னாளில் எதிராளிகள் பார்வையைப் பார்த்தே நடுங்கிய அதே டைசன்தான். அந்தச் சில நிமிடக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அவருடைய மூர்க்கத்தின் அடியில் என்ன இருந்தது என்று வேறு விளக்கம் தேவைப்படாது. அன்பு அவனுக்கு வெற்றியோடு சேர்த்துத்தான் கிடைத்தது. வெற்றி இல்லாத நாளில் அது கிடைக்குமா என்பது அவனுக்குத் தெரியாது.

கஸ்ஸை மகானாக்கி எழுதும் வழக்கம் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அட்லஸ், தன் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியிடம் டைசன் தவறாக நடந்துகொண்டதாகச் சொல்லி அவன் முன்னால் துப்பாக்கியை எடுத்தார். அதன் பிறகு ஜிம்மைவிட்டுப் போக வேண்டியிருந்தது அட்லஸ்தான், டைசன் அல்ல. சாகும் முன் இன்னொரு ஹெவிவெயிட் சாம்பியனைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கஸ் அந்தப் பிள்ளையின் ஒழுங்கை விட்டுக்கொடுத்தார் என்பது அட்லஸின் குற்றச்சாட்டு. 1985 நவம்பரில் கஸ் இறந்தார். ஓராண்டு கழித்து, 1986 நவம்பர் 22-ல், டைசன் டிரெவர் பெர்பிக்கை இரண்டே ரவுண்டில் சாய்த்தார். 20 வயதில் ஹெவிவெயிட் உலக சாம்பியன். அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

> பெட்டிச் செய்தி: ஒரே ஆசான், இரண்டு சிறுவர்கள்
>
> டைசனுக்கு முன் மிக இளவயது ஹெவிவெயிட் சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சன். 1956-ல் ஆர்ச்சி மூரை வீழ்த்தியபோது வயது 21. அவரும் புரூக்ளின் ஏழைப் பிள்ளை. சிறார் சீர்திருத்தப் பள்ளியில் படித்தவர். கஸ் டமாட்டோவின் மாணவர். சின்ன வயதில் தன் புகைப்படத்தில் தன் முகத்தின் மேலேயே கோடு போட்டுக் கிழித்தவர் என்று அவர் குடும்பம் சொல்லும்.
>
> 1962-ல் சோனி லிஸ்டன் அவரை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தினார். தோற்றால் யார் கண்ணிலும் படாமல் வெளியேற வேண்டும் என்று பேட்டர்சன் முன்கூட்டியே ஒட்டுத் தாடி கொண்டுவந்திருந்தார். அதை ஒட்டிக்கொண்டுதான் ஊரைவிட்டுப் போனார்.
>
> பிற்காலத்தில் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைவரானார். 1998-ல் ஒரு வழக்கில் சாட்சியம் அளித்தபோது, தான் யாரை வீழ்த்திச் சாம்பியன் ஆனோம் என்பதே அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பதவி விலகினார். 2006-ல் இறந்தார்.

முகத்தைப் படிக்கும் கண்

அடி வாங்கி வளரும் குழந்தைக்கு உண்மையில் என்ன ஆகிறது? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக உளவியலாளர் சேத் போலக்கின் ஆய்வுகள் இதற்கு ஒரு வாசல். 2000-களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய குழுவினரும் குழந்தைகளுக்கு முகங்களின் படங்களைக் காட்டினார்கள். மங்கலாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகத் தெளிவாகும் படங்கள். உடல்ரீதியான வன்முறைக்கு உள்ளான குழந்தைகள் மற்றவர்களைவிட வெகு சீக்கிரம் கோப முகத்தை அடையாளம் கண்டார்கள். அந்த வேகத்துக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது: கோபமும் வேறு உணர்ச்சியும் கலந்த முகங்களையும் அவர்கள் கோபம் என்றே படித்தார்கள்.

குடித்துவிட்டு வரும் அப்பாவின் காலடிச் சத்தத்திலேயே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்தத் திறமை உயிர்காக்கும் கவசம். ரிங்கிலோ அது தங்கம். எதிராளியின் தோள் அசைவதற்கு முன்பே அடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். டைசனின் பழைய சண்டைகளைப் பாருங்கள்; தலை ஒரு நொடியின் துணுக்கில் விலகி, அடுத்த துணுக்கில் உள்ளே புகுந்து அடிக்கும். பயிற்சியில் வந்தது பாதி. பிரவுன்ஸ்வில்லில் வந்தது பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே கண்ணோடு வீட்டுக்கு வரும்போது என்ன ஆகும்? மனைவியின் சோர்ந்த முகம் கோபமாகத் தெரியும். ஹோட்டலில் யாரோ சிரித்தால் கேலியாகத் தெரியும். நண்பன் மறுத்துப் பேசினால் துரோகமாகத் தெரியும். ரிங்கில் ஒரு வீரன் நிற்பது ரவுண்டுக்கு மூன்று நிமிடங்கள். மீதி நாளெல்லாம் அவன் மனிதர்களோடுதான் வாழ்கிறான்.

மணி அடித்த பிறகு

1988-ல் டைசனின் வாழ்க்கையில் இருந்த தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மேனேஜர் ஜிம் ஜேக்கப்ஸ் இறந்தார். கஸ்ஸின் சீடரான பயிற்சியாளர் கெவின் ரூனியை டைசன் நீக்கினார். புரமோட்டர் டான் கிங் பக்கத்தில் வந்தார். அந்த ஜூனில் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடிகளில் முடித்தவர், 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது ரவுண்டில் விழுந்தார். டக்ளஸ் ஜெயிப்பார் என்று ஒரு சூதாட்ட நிறுவனம் கொடுத்த விகிதம் 42-க்கு 1.

1992-ல் இண்டியானா மாநில நடுவர் மன்றம் 18 வயதுப் பெண் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் டைசனைக் குற்றவாளி என்று அறிவித்தது. ஆறாண்டு சிறைத் தண்டனை. மூன்றாண்டுக்குள் 1995-ல் வெளியே வந்தார். குற்றத்தை அவர் இன்றுவரை மறுக்கிறார். அவரைப் பற்றிய எத்தனையோ கட்டுரைகளில் இந்த வரி ‘துன்பங்கள்’ என்ற பட்டியலுக்குள் போய்விடுகிறது. அது நியாயமில்லை. துன்பம் அந்தப் பெண்ணுடையது. டைசனின் குழந்தைப் பருவம் அவருடைய கோபத்தைப் புரிந்துகொள்ள உதவும். அந்தக் குற்றத்தின் கனத்தைக் குறைக்காது. பிரவுன்ஸ்வில்லில் அதே பசியோடு வளர்ந்து யாரையும் தொடாமல் வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

1997-ல் போட்டியின் நடுவே எதிராளி இவாண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தார். உரிமம் ரத்தானது, 30 லட்சம் டாலர் அபராதம். 2003-ல் திவால் மனு. வாழ்நாளில் 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்ததாக மதிப்பிடப்பட்டவருக்கு அப்போது ஏறக்குறைய 2.3 கோடி டாலர் கடன். தன் பணத்தை ஏமாற்றியதாக டான் கிங் மேல் போட்ட வழக்கு 1.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அந்தப் பணமும் கடன்காரர்களுக்குத்தான் போனது.

பணத்தை ஏன் இப்படி இறைக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு வறுமையின் கணக்கு புரிவதில்லை. நாளைக்கு என்று எடுத்து வைத்ததை யாராவது பறித்துக்கொண்டு போகும் இடத்தில் வளர்ந்தவனுக்கு இன்று செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். பதின்மூன்று வயதிலிருந்து சாப்பாடு, படுக்கை, எதிராளி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் பிறரே முடிவு செய்த ஒருவருக்குத் திடீரென்று கோடிகளைக் கையில் கொடுத்தால் அவர் யாரைத்தான் நம்புவார்?

இது டைசனின் குணத்தால் மட்டும் வந்த வினை என்றால், அதே பிரவுன்ஸ்வில்லில் வளர்ந்த ரிடிக் போவைப் பாருங்கள். பதின்மூன்று பிள்ளைகளில் பன்னிரண்டாவது. சிரித்துப் பேசும் ஆள். டைசனுக்கு நேர் எதிர். 1992-ல் ஹோலிஃபீல்டை வென்று ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1998-ல் பிரிந்து சென்ற மனைவியையும் பிள்ளைகளையும் கடத்திய வழக்கில் மாட்டினார். ரிங்கில் வாங்கிய அடிகளால் அவர் மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அவர் தரப்பு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். சிறைக்குப் போனார். 2005-ல் திவால். குணம் வேறு, முடிவு ஏறக்குறைய ஒன்று. அப்படியென்றால் கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை.

> பெட்டிச் செய்தி: இரட்டைச் சுமை
>
> • 1928-ல் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், அடி வாங்கி வாங்கித் தள்ளாடும் குத்துச்சண்டை வீரர்களின் நோயைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1973-ல் பிரிட்டனின் கோர்செல்லிஸ் குழு 15 முன்னாள் வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து சேதத்தை விவரித்தது. இன்று இந்த நோய்க்கு சி.டி.இ. என்று பெயர். இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் இதை உறுதி செய்ய முடியும்.
>
> • 1998-ல் வெளியான ஃபெலிட்டி–ஆண்டா ஆய்வும் அதன் தொடர்ச்சிகளும் 17,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் குழந்தைப் பருவத்தை ஆராய்ந்தன. வீட்டில் வன்முறை, புறக்கணிப்பு, சிறைக்குப் போன பெற்றோர் போன்ற பாதிப்புகள் எத்தனை வகை கூடுகிறதோ, அத்தனைக்கு மதுப் பழக்கம், மன அழுத்தம், தற்கொலை முயற்சி, இதய நோய் ஆகியவற்றின் வாய்ப்பும் கூடியது.
>
> • கஷ்டப்பட்டு வளர்ந்த சண்டை வீரர் இந்த இரண்டையும் சேர்த்தே சுமக்கிறார்.

ஜிம்முக்கு யார் வருகிறார்கள்?

‘பரம ஏழைதான் பாக்ஸர் ஆவான்’ என்ற நம்பிக்கையிலும் ஓட்டை இருக்கிறது. பிரெஞ்சு சமூகவியலாளர் லோயிக் வக்கான் 1988-ல் சிகாகோவின் கறுப்பினப் பகுதியில் ஒரு ஜிம்மில் சேர்ந்து மூன்றாண்டுகளுக்கு மேல் பயிற்சி எடுத்தார், போட்டியிலும் இறங்கினார். அவர் கண்டது இது: அங்கே நிலைத்து நின்ற வீரர்கள் அந்தப் பேட்டையின் அடிமட்டத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. ஓரளவு நிலையான உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகள். விடியற்காலை ஓட்டம், நேரத்துக்குச் சாப்பாடு, எடைக் கட்டுப்பாடு என்று மாதக்கணக்கில் ஒழுங்காக இருக்க முடிந்தவன்தான் தாக்குப்பிடிப்பான். வீடே சிதறிக் கிடக்கும் பிள்ளையால் பெரும்பாலும் அது முடிவதில்லை.

அதாவது, கஷ்டத்தால் சாம்பியன் ஆனவர்களை நாம் மேடையில் பார்க்கிறோம். கஷ்டத்தால் ஜிம் வாசலைக்கூடத் தாண்ட முடியாதவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. டைசனிடமிருந்து ஸ்டூவர்ட்டையும் கஸ்ஸையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது போலீஸ் பதிவேடு மட்டும்தான்.

பிலிப்பைன்ஸின் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் கதையிலும் இப்படி யாரும் படம் எடுக்காத ஒருவர் உண்டு. பாக்கியாவ் 14 வயதில் வீட்டைவிட்டு மணிலா வந்தார், கட்டட வேலை பார்த்தார், தெருவில் தூங்கினார். 1995-ல் 16 வயதில் தொழில்முறை வீரரானபோது எடை போதாததால் பாக்கெட்டில் கனமான பொருள்களைப் போட்டுக்கொண்டு எடைபோடப் போனார். கூடவே பயிற்சி எடுத்த நண்பர் யூஜின் பாருடாக் அதே ஆண்டு ரிங்கில் அடிபட்டு இறந்தார். ஒருவர் எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றார், செனட்டர் ஆனார், ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். இன்னொருவர் பெயர் அவர் கதையின் அடிக்குறிப்பாக மட்டும் வருகிறது.

பெண் சொன்னால் விற்காது

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தைச் சேர்ந்த கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ் 1995-ல் பிறந்தார். அப்பா சிறையில், திரும்பி வந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. அம்மா குடிப்பழக்கத்துக்கு அடிமை. சிறுவயதில் தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதை அவரே வெளியில் சொல்லியிருக்கிறார். தானும் ஒரு காலத்தில் சண்டை போட்டவரான அப்பா, பாக்ஸிங் ஆம்பளைங்க விளையாட்டு என்றார். 11 வயதில் ஜிம்முக்குப் போன ஷீல்ட்ஸ் விடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது 17 வயதில் தங்கம் வாங்கினார்.

ஆண் வீரனுக்கு இந்தக் குழந்தைப் பருவம் விளம்பரமாகியிருக்கும். ஷீல்ட்ஸுக்கு அப்படி நடக்கவில்லை. தங்கப் பதக்கத்தோடு ஊருக்குத் திரும்பியவரைத் தேடி எந்தப் பெரிய நிறுவனமும் ஒப்பந்தத்தோடு வரவில்லை. எதிராளியை அடிப்பது பிடிக்கும் என்று பேட்டிகளில் சொல்லாதே என்று அமெரிக்க அமெச்சூர் குத்துச்சண்டை வட்டாரத்தினர் அறிவுரை சொன்னார்கள். டைசன் இதைவிடப் பல மடங்கு கொடூரமாகப் பேசியபோது டிக்கெட் விலை ஏறியது!

2016-ல் ரியோவில் மறுபடி தங்கம். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் யாரும், ஆணோ பெண்ணோ, அதுவரை தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியதில்லை. பிறகு தொழில்முறைக்கு வந்து மூன்று எடைப் பிரிவுகளில் மறுக்க முடியாத சாம்பியன் ஆனார். மூன்றாவதை 2025 பிப்ரவரியில் சொந்த ஊர் ஃபிளின்ட்டிலேயே வென்றார். அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி ஃபயர் இன்சைட்’ படம் 2024-ல் வந்தது. ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு வீட்டுக் கஷ்டம் தீராததைத்தான் அந்தப் படம் அதிகம் பேசுகிறது என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை.

வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர்

என்கானு 2022 ஜனவரியில் காயப்பட்ட முழங்காலோடு சிரில் கானை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். அந்தப் போட்டிக்கு அவருக்கு அறிவிக்கப்பட்ட சம்பளம் 6 லட்சம் டாலர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க யு.எஃப்.சி. கூடுதல் பணம் தரத் தயாராக இருந்தது. அவர் கேட்டது பணம் மட்டும் இல்லை. வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், சொந்தமாக விளம்பரதாரர்களைப் பிடிக்க உரிமை வேண்டும், நிர்வாகக் கூட்டங்களில் வீரர்கள் தரப்பில் பேச ஓர் ஆள் வேண்டும் என்றார். நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. 2023 ஜனவரியில் சாம்பியனாக இருக்கும்போதே வெளியேறினார்.

அன்று பலர் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். அதே ஆண்டு மே மாதம் பி.எஃப்.எல். என்ற போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். தன்னோடு மோத வருபவருக்குக் குறைந்தபட்சம் 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று. ரியாத் குத்துச்சண்டை அவருக்கு யு.எஃப்.சி. சம்பளத்தைப் போலப் பல மடங்கு தந்தது. 2024 மார்ச்சில் குத்துச்சண்டையில் ஆந்தனி ஜோஷுவா அவரை இரண்டாவது ரவுண்டில் பலமாக வீழ்த்தினார். அடுத்த மாதம் 15 மாதமே ஆன மகனை இழந்தார். அக்டோபரில் எம்.எம்.ஏ.வுக்குத் திரும்பி வந்து ரெனான் ஃபெரெய்ராவை முதல் ரவுண்டில் வென்று, வெற்றியை மகனுக்கு அர்ப்பணித்தார்.

டைசனுக்கும் இவருக்கும் பசியில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வயதில் இருக்கிறது. டைசனைப் பதின்மூன்று வயதில் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு போய்ச் செதுக்கினார்கள். அவரைப் பற்றிய முடிவுகள் அவருக்கு வெளியே எடுக்கப்பட்டன. என்கானு 26 வயதில் தன் காலால் நடந்து வெளியேறியவர். எந்த வண்டியில் ஏறுவது, யாரை நம்புவது, எப்போது கடலில் இறங்குவது என்று ஒவ்வொன்றையும் தானே முடிவு செய்தவர். ஒப்பந்தத் தாளை வேண்டாம் என்று தள்ளும் துணிவு அந்தப் பயணத்தில் விளைந்தது என்று நினைக்கிறேன். மணல் குழி மட்டும் அதைக் கொடுத்திருக்க முடியாது.

> பெட்டிச் செய்தி: யாருக்கு எவ்வளவு?
>
> • குத்துச்சண்டை வீரர்களை மோசடி ஒப்பந்தங்களிலிருந்து காக்க அமெரிக்கா 2000-ல் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது எம்.எம்.ஏ. வீரர்களுக்குப் பொருந்தாது.
>
> • வருமானத்தில் ஏறக்குறைய பாதி அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களுக்குப் போகிறது. யு.எஃப்.சி. வீரர்களுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது.
>
> • அந்த வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது.

ஐம்பதுக்கு மேல்

2024 நவம்பர் 15. டெக்ஸாஸில் 58 வயது டைசன், யூடியூப் மூலம் புகழ்பெற்ற 27 வயது ஜேக் பாலுடன் மோதினார். அந்த ஆண்டு மே மாதம் வயிற்றுப் புண்ணால் ரத்தம் கசிந்து அவதிப்பட்டதால் போட்டி ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. எட்டு ரவுண்டு, ஒவ்வொன்றும் இரண்டே நிமிடம். முதல் இரண்டு ரவுண்டுக்குப் பிறகு டைசனின் கால்கள் நகரவில்லை. நெட்ஃபிளிக்ஸ் ஒளிபரப்பை உலகெங்கும் ஆறு கோடி வீடுகளில் பார்த்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. 2025 ஜூலையில் பாக்கியாவும் 46 வயதில் மறுபடி ரிங்குக்குள் வந்தார். புகழ் மண்டபத்தில் பெயர் சேர்ந்த மறு மாதமே உலகப் பட்டத்துக்கான போட்டி, டிராவில் முடிந்தது.

பெயர் பெற்றவர்களுக்கு ஐம்பதுக்கு மேலும் ஒரு காசோலை கிடைக்கிறது. மற்றவர்களுக்கு? கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் வீரர் சங்கம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. குத்துச்சண்டையில் இரண்டும் இல்லை. வீரர் தனியாள், ஒவ்வொரு போட்டிக்கும் ஓர் ஒப்பந்தம், போட்டி முடிந்தால் உறவும் முடிந்தது. சிறுவயதில் மருத்துவரையே பார்க்காத பிள்ளை, மூளைக்கு மருத்துவம் தேவைப்படும் வயதிலும் காப்பீடு இல்லாமல் நிற்கிறான்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் மட்டும் 1980-களில் இருந்து ஒரு ஓய்வூதியத் திட்டத்தை நடத்துகிறது. அங்கே விற்கும் ஒவ்வொரு குத்துச்சண்டை டிக்கெட்டிலிருந்தும் ஒரு சிறு தொகை அந்த நிதிக்குப் போகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ரவுண்டுகள் ஆடியவர்கள் 50 வயதில் பணத்தைக் கேட்டு வாங்கலாம். 2023-ல் எம்.எம்.ஏ. வீரர்களுக்கும் இதுபோல ஒரு நிதி தொடங்கச் சட்டம் போட்டார்கள். தகுதி இருந்தும் இன்னும் பணம் வாங்காத முன்னாள் குத்துச்சண்டை வீரர்கள் நிறையப் பேர். பலருக்கு இப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாது. பலருடைய முகவரி மாநில ஆணையத்திடம் இல்லை.